அகமும் புறமும்: நுண்கட்டுப்படுத்திக்கு வெளிநினைவகம் வந்த வரலாறு

மொழியியல் பயின்றவர் மின்னணுவியல் பற்றிப் பேச முற்படுவது ஏன் என்னும் வினா அவையோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. காரணம் ஒரு பிழை. கலைச்சொல் தொகுப்புக் குழு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், ‘லேட்ச்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பூட்டு’ என எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றோம். அரை நிமிடத்தில் முடிந்த வேலை. அடுத்த கூட்டத்திற்கு வந்த பொறியாளர் ஒருவர் பச்சை நிறப் பலகை ஒன்றை மேசைமேல் வைத்து, “ஐயா, இதில் பூட்டப்படுவது எது, சாவி யாரிடம் இருக்கிறது என்று காட்டுங்கள்” என்றார். நம்மால் காட்ட இயலவில்லை. பொருளின் செயலை அறியாமல் அதற்குப் பெயர் சூட்ட இயலாது என்பதை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்த நாமே அதை மறந்திருந்தோம். அந்தப் பலகையிலிருந்து நாம் கற்றவையும், அதன் பின்னணியைத் தேடிச் சென்றபோது அறிந்தவையுமே இக்கட்டுரைக்குப் பொருள்.

கணக்கிடும் உறுப்பு, நினைவகம், வெளியுலகோடு பேசும் துறைகள் ஆகிய மூன்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கியதே நுண்கட்டுப்படுத்தி. மைக்ரோகண்ட்ரோலர் என்றே மாணவர் வழங்குவர். சலவை இயந்திரத்திலும் மின்தூக்கியிலும் இருந்து வேலை செய்வது இதுவே. ஆனால் தொடக்கத்தில் இவ்வுறுப்புகள் ஒரே கூரையின்கீழ் இருக்கவில்லை. 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 நுண்செயலி ஒரு நான்கு சில்லுக் குடும்பத்தின் உறுப்பினர். நிரல் நினைவகம் 4001, தரவு நினைவகம் 4002, வெளித்துறைகளைப் பெருக்க 4003 என ஒவ்வொன்றும் தனித்தனியே வீடு கட்டி வாழ்ந்தன. 4004-க்கு 16 கால்களே இருந்தமையால், 12 இரும இலக்கம் கொண்ட முகவரியை நான்கு கம்பிகளின் வழியே மூன்று தவணையாக அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே கம்பியை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு பொருளுக்குப் பயன்படுத்தும் இந்தச் சிக்கனம் பின்வந்த வரலாறு முழுவதையும் தீர்மானித்தது எனலாம்.

1974-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஎம்எஸ் 1000 எல்லாவற்றையும் ஒரு சில்லுக்குள் சேர்த்தது. 1976-இல் இன்டெலின் 8048 வந்தது. 1 கிலோபைட்டு நிரல் நினைவகம், 64 பைட்டு தரவு நினைவகம் ஆகியவையே அதன் அகச்சொத்து. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் விசைப்பலகைக்குள் அமர்ந்து, எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறிந்து சொன்னது இந்த 8048-தான். அவ்வேலைக்கு அந்தச் சிறு நினைவகம் போதுமானதாயிருந்தது. எல்லா வேலைக்கும் போதவில்லை.

1980-இல் வந்த 8051-தான் நமது மேசையிலிருந்த பலகையின் மூதாதை. அதன் கட்டமைப்பை வகுத்தவர் ஜான் வார்ட்டன். 4 கிலோபைட்டு நிரல் நினைவகம், 128 பைட்டு தரவு நினைவகம், எட்டு எட்டாக நான்கு துறைகளில் 32 கம்பிகள், மொத்தம் 40 கால்கள். உள்ளே இருப்பது போதாவிட்டால் வெளியே 64 கிலோபைட்டு நிரல் நினைவகமும், அதற்கு வேறாக 64 கிலோபைட்டு தரவு நினைவகமும் இணைத்துக்கொள்ளலாம் என்று அதன் வடிவமைப்பிலேயே இடம்வைத்திருந்தார்கள். உற்பத்தியின் மறுபாதி நமக்கு அயலில் நடந்துகொண்டிருந்தது என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் ஆலை 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் எழுந்தது. சில்லுகளுக்குக் கால் பொருத்திச் சோதித்து அனுப்பும் வேலை அங்கு நடைபெற்றது. நுண்சில்லு வரலாற்றை எட்டாத தொலைவில் நடந்த கதையாக எண்ண வேண்டியதில்லை.

இனி அந்தப் பலகைக்கு வருவோம். 64 கிலோபைட்டு என்பது 65,536 இடங்கள். ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லி அழைக்க 16 முகவரிக் கம்பிகள் தேவை. அங்குள்ளதைக் கொண்டுவர 8 தரவுக் கம்பிகள். ஆக 24. இவற்றோடு மின்னூட்டம், கடிகாரம், கட்டுப்பாட்டுக் குறிகைகள் யாவும் 40 கால்களுக்குள் அடங்க வேண்டும். எனவே 8051-இன் சுழியத் துறை இரட்டை வேடம் பூணுகிறது. முதலில் முகவரியின் கீழ்ப்பாதியை அது வெளியிடும். சற்று நேரத்தில் அதை விலக்கிவிட்டு, அதே எட்டுக் கம்பிகளில் தரவை ஏற்கும் அல்லது தரும். முகவரியின் மேற்பாதியை மட்டும் இரண்டாம் துறை தொடர்ந்து ஏந்திநிற்கும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு. தரவு வரும் வேளையிலும் நினைவகச் சில்லுக்கு முழு முகவரியும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் முகவரியின் கீழ்ப்பாதி கம்பியை விட்டுப் போய்விட்டதே! அதைப் பிடித்துவைக்கவே இடையில் ஒரு சிறு சில்லு. 373 என்னும் எண்ணுடையது. ஏ.எல்.இ. என்னும் குறிகை உயர்ந்திருக்கும்வரை அது திறந்த கதவு; உள்ளே வருவது அப்படியே வெளியே தெரியும். குறிகை தாழ்ந்ததும் கதவு அடைபட்டு, கடைசியாக வந்தது அங்கேயே நிற்கும். அடுத்த முகவரி வரும்வரை அசையாது. இதைத்தான் நாம் ‘பூட்டு’ என்று எழுதியிருந்தோம். பூட்டுக்குச் சாவியும் உரிமையும் உண்டு. இங்கே அவை இல்லை. கதவைச் சாத்தி நிறுத்துவதற்குத் தமிழில் ‘தாழ்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. வள்ளுவர் அன்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஆண்ட சொல். ஊர்ப்புறங்களில் ‘தாழ்ப்பாள்’ இன்றும் வழக்கில் உள்ளது. அன்று குழு அதை ஏற்றுக்கொண்டது. முகவரித்தாழ் என்று பொறியாளரும் உடனே சொல்லிப் பார்த்து, நாவில் நிற்கிறது என்றார்.

வேறு சொற்களையும் இவ்வாறே திருத்த நேர்ந்தது. பலருக்கும் பொதுவான கம்பித் தொகுதியை ஆங்கிலத்தார் ‘பஸ்’ என்பர். ‘எல்லாருக்கும்’ எனப் பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வால் அது. அதாவது, வேற்றுமை உருபு மட்டும் தனியே பிரிந்து பெயர்ச்சொல்லாகிவிட்ட விந்தை. வண்டியைக் குறிப்பதும் அதே வால்தான். தமிழ்நாட்டுக் கலைச்சொல் வழக்கில் இதற்குப் ‘பாட்டை’ நிலைபெற்றுவருகிறது. பொதுவழி என்னும் கருத்து அதில் சிதையாமல் நிற்கிறது. ‘போர்ட்’ என்பதற்குத் ‘துறை’ இன்னும் பொருத்தம். ஆற்றில் இறங்குமிடமும் கலம் அணையுமிடமும் துறைதானே.

8051-க்கு ஒரே எண்ணுடைய முகவரி இரண்டு இடங்களைக் குறிக்கும் என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். முகவரி 100 என்றால் நிரல் நினைவகத்தின் 100-ஆ, தரவு நினைவகத்தின் 100-ஆ? முகவரியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ‘ஆறு’ என்பது எண்ணா, நீரோட்டமா, வழியா என்று சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாததைப் போன்றதே இதுவும். சூழல் வேண்டும். இங்கே சூழலைத் தருபவை குறிகைகள். பிஎஸ்இஎன் என்னும் குறிகை தாழ்ந்தால் நிரலைப் படிக்கிறது. ஆர்டி தாழ்ந்தால் தரவைப் படிக்கிறது. டபிள்யூஆர் தாழ்ந்தால் தரவை எழுதுகிறது. சில பயிற்சிப் பலகைகளில் முதல் இரண்டு குறிகைகளையும் ஓர் ‘உம்’ வாயிலில் கூட்டி, இரண்டு நினைவகங்களையும் ஒன்றாக்கிவிடுவர். அப்போதுதான், எழுதக்கூடிய நினைவகத்தில் ஒரு நிரலை இறக்கி, அங்கிருந்தே அதை ஓட்டிப் பார்க்க முடியும்.

ஈஏ என்று ஒரு கால் உண்டு. அதை உயர்நிலையில் கட்டினால் முதல் 4,096 பைட்டு வரை அகத்திலிருந்து படித்து, அதைத் தாண்டியதும் தானாகவே புறத்துக்குச் செல்லும். தரையோடு கட்டினால் தொடக்கத்திலிருந்தே புறம். அக நிரல் நினைவகமே இல்லாத 8031 என்னும் உடன்பிறப்பை இப்படித்தான் கட்டினார்கள். அதன் நிரல் முழுவதும் வெளியே ஒரு ஈப்ராம் சில்லில் இருக்கும். 1971-இல் இன்டெலில் டோவ் ஃபுரோமன் உருவாக்கிய ஈப்ராம், புற ஊதாக் கதிர் காட்டி அழித்து மீண்டும் எழுதத்தக்கது. அதன் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். முதலில் வந்த 1702 சில்லில் 256 பைட்டு. நம் பலகையில் இருந்த 2764-இல் 8 கிலோபைட்டு.

புறத்தை நாடியதற்கு 8031 கொடுத்த விலை சிறிதன்று. சுழியத் துறை போயிற்று, இரண்டாம் துறை போயிற்று, ஆர்டி, டபிள்யூஆர் குறிகைகளுக்காக மூன்றாம் துறையில் இரண்டு கம்பிகளும் போயின. 32-இல் எஞ்சியவை 14. இழந்த துறைகளை மீட்க 8255 என்னும் புறச்சாதனத்தை வாங்கி இணைத்தார்கள். அது 24 கம்பிகளைத் தரும். நெல்லை விற்று அரிசி வாங்கிய கதை என்று பொறியாளர் சிரித்தார்.

அந்த 8255-உம் பாட்டையில்தான் அமர்கிறது. 8051 அதைத் தனிக்கருவியாக நோக்குவதில்லை. தரவு நினைவகத்தின் ஓர் இடமாகவே கருதுகிறது. 138 என்னும் பிரிப்பான் சில்லு, முகவரியின் மேல் மூன்று இலக்கங்களைப் பார்த்து, 64 கிலோபைட்டை எட்டு 8 கிலோபைட்டுத் தெருக்களாகப் பிரிக்கும். முதல் தெருவில் தரவு நினைவகம், இரண்டாம் தெருவில் 8255, மூன்றாம் தெருவில் திரை. குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு எண்ணை எழுதினால் விளக்கு எரியும், மோட்டார் சுழலும். எழுதுவதே செயலாகிவிடும் இடம் இது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நினைவகத்தில் எழுதியதை எத்தனை முறை படித்தாலும் அதுவே வரும். புறச்சாதனம் அப்படியன்று, இன்று படித்தது நாளை மாறும், சிலவற்றில் படிப்பதே அவற்றின் நிலையை மாற்றிவிடும். ஏட்டைப் படிப்பதற்கும் எதிரே நிற்பவரிடம் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு எனக் கொள்க.

இன்னொரு குறையும் அப்பாட்டைக்கு இருந்தது. கேட்ட சில்லு ‘கேட்டேன்’ என்று பதில் தராது, 8051-உம் காத்திருக்காது. 12 மெகாஹெர்ட்சு கடிகாரத்தில், முகவரி வெளிவந்து ஏறக்குறைய 300 நானோநொடிக்குள் நிரல் பைட்டு கம்பியில் நிற்க வேண்டும். 250 நானோநொடியில் விடை தரும் ஈப்ராம் என்றால் நன்று. 450 நானோநொடி எடுப்பது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், 8051 குப்பையைப் படித்து அதையே கட்டளையாக எண்ணி ஓடும். அந்த முகவரியில் எந்தச் சில்லும் இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்றைப் படித்துக்கொள்ளும். இல்லை என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அப்பலகையில் ஒரு சிறு திரையும் இருந்தது. “இதில் தமிழ் தெரியுமா?” என்று நாம் கேட்டோம். பொறியாளர் சற்றுத் தயங்கினார். ஹிட்டாச்சியின் எச்டி44780 என்னும் கட்டுப்பாட்டுச் சில்லு இயக்கும் எழுத்துத் திரை அது. எழுத்துகளின் புள்ளி வடிவங்கள் அச்சில்லுக்குள்ளேயே நிலையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நம் திரையில் இருந்தவை உரோமன் எழுத்துகளும் சப்பானியக் கட்டகானா எழுத்துகளும். பிறர்க்கென அதில் ஒதுக்கப்பட்டது 64 பைட்டு. ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரத்தில் எட்டே எழுத்துகளை நாமே வரைந்துகொள்ளலாம். ஐந்து புள்ளி அகலத்தில் னகரத்தையும் ணகரத்தையும் வேறுபடுத்திக் காட்ட முயன்றவர்க்குத் தெரியும், அது ஆகாத வேலை. சுழிகளுக்கு இடமில்லை.

அன்றிரவு நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிரந்த எழுத்துகளை விலக்குவோம். அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் நான்கிலும் 18 வீதம் 72, ஆக 108. ஔகாரத்தை ஒகரமும் ளகரமும் கொண்டு எழுதலாமாதலால் உயிர் 11, ஆய்தம் 1. பிற வரிசைகளுக்குக் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி என 4. மொத்தம் 124 வடிவங்கள். படிக்கத்தக்க அளவில் 16-க்கு 16 புள்ளியாக வரைந்தால் ஒவ்வொன்றுக்கும் 32 பைட்டு. 124-ஐ 32-ஆல் பெருக்கினால் 3,968. 8051-இன் அக நினைவகம் 4,096 பைட்டு. தமிழ் எழுத்துகளை உள்ளே வைத்தால் நிரலுக்கு எஞ்சுவது 128 பைட்டு! அதில் எந்த உருப்படியான நிரலையும் எழுத இயலாது. ஆங்கிலம் காட்ட விரும்புபவருக்கோ நினைவகமே வேண்டா. திரைக்குள்ளேயே எழுத்து இருக்கிறது.

தமிழில் ஒரு வரி காட்ட வேண்டுமானால் ஈப்ராம், தாழ், பிரிப்பான், எழுத்துத் திரைக்கு மாற்றாக 128-க்கு 64 புள்ளி கொண்ட வரைவுத் திரை ஆகிய அனைத்தும் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. எவரும் தமிழைத் திட்டமிட்டு விலக்கவில்லை. சில்லைச் செய்தவர் தம் சந்தையின் எழுத்தை உள்ளே வைத்தார், அவ்வளவே. ஆயினும் விளைவு ஒன்றுதான். ஒரு மொழியின் எழுத்து அகத்தில் இருக்கிறதா, புறத்தில் இருக்கிறதா என்பது விலையாக மாறுகிறது. ஒரு பொருளின் விலை கூடினால் அதில் தமிழைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுப்பது எளிதாகிறது. மின்தூக்கியின் சிறு திரையிலும் பேருந்துக் கட்டணப் பொறியிலும் தமிழ் ஏன் அரிதாக இருந்தது என்று கேட்பவர்கள், மனப்பான்மையோடு இந்த 128 பைட்டையும் கருத வேண்டும்.

இதற்கிடையில் வேறொரு வழி திறந்திருந்தது. 1982-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் இரண்டே கம்பிகள் கொண்ட ஒரு பாட்டையை வகுத்தது. ஐ-ஸ்கொயர்டு-சி என்று பெயர். ஒரு கம்பியில் கடிகாரத் துடிப்பு, மற்றதில் தரவு. நொடிக்கு 1 இலட்சம் இருமங்கள் என்பது அதன் தொடக்க வேகம்; 8051-இன் இணைப்பாட்டையோடு ஒப்பிட்டால் ஆமை. ஆனால் 18 கம்பிகளைக் கேட்ட இடத்தில் இரண்டோடு நிறைவடைந்தது. நினைவகம், கடிகாரம், வெப்பமானி என எத்தனையோ கருவிகளை அதே இரண்டு கம்பிகளில் வரிசையாகத் தொங்கவிடலாம்.

மொழியியலாளர்க்கு இப்பாட்டை இனிமையானது. உரையாடல் தொடக்கக் குறியோடு தொடங்குகிறது. பின்னர் ஏழு இலக்கப் பெயரைச் சொல்லி ஒரு கருவியை அழைக்கிறது, விளி வேற்றுமை. உடனே ஓர் இருமம்: படி அல்லது எழுது, வினை. ஒன்பதாம் துடிப்பில், அழைக்கப்பட்ட கருவி கம்பியைத் தாழ இழுத்து, ‘இருக்கிறேன்’ என்கிறது. கதை கேட்கும் குழந்தை ‘உம்’ கொட்டுவதைப் போல, ஒவ்வொரு பைட்டுக்கும் இது தொடரும். ‘உம்’ வராவிட்டால் ஆள் இல்லை என்று பொருள். 8051-இன் பழைய பாட்டைக்கு இல்லாதிருந்த பண்பு இதுவே. ஏழு இலக்கத்தில் 128 பெயர்கள் அமையும். 16 ஒதுக்கப்பட்டமையால் 112 எஞ்சும். ஈஈப்ராம் நினைவகங்கள் 1010 என்று தொடங்கும் பெயரை ஏற்றன. கடைசி மூன்று இலக்கங்களைக் கால்களில் கட்டி மாற்றி, எட்டுச் சில்லுகள் வரை ஒரே பாட்டையில் வைக்கலாம்.

அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’ என்றே நெடுங்காலம் எழுதினர். நம் பட்டியலிலும் ‘எசமானர்’, ‘அடிமை’ என்று அப்படியே வந்து விழுந்தன. தோட்டத் தொழிலாளரின் வழிவந்தோர் வாழும் நாடுகளில் மாணவர் கையில் கொடுக்கும் சொற்களா இவை என்று குழுவில் ஒரு மூதாட்டி கேட்டார். நாம் அன்று அதை மிகையுணர்ச்சி என்று எண்ணினோம், ஒப்புக்கொள்கிறோம். ஃபிலிப்சின் வழிவந்த என்எக்ஸ்பி நிறுவனம் 2021-இல் தன் விவரக்குறிப்பைத் திருத்தி, ‘கண்ட்ரோலர்’, ‘டார்கெட்’ என மாற்றியது. நமக்கு அதைப் பின்பற்றுவதிலும் சிக்கல் உண்டு. ‘கட்டுப்படுத்தி’ என்ற சொல்லை நுண்கட்டுப்படுத்திக்கே கொடுத்துவிட்டோம். ‘இலக்கு’ என்றால் அம்பு எய்யப்போவது போலிருக்கிறது. ‘விளிப்பான்’, ‘விளிபெறுவான்’ என்பன நம் பரிந்துரை. செயலுக்குப் பொருந்துகின்றன, ஆனால் வகுப்பறையில் வாய் தடுக்கும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியே.

1990-களில் மின்னால் அழித்தெழுதும் ஃபிளாஷ் நினைவகம் சில்லுக்குள்ளேயே வந்தபோது, புறம் தேவையற்றதாகிவிட்டது என்று பலரும் கருதினர். தாழும் ஈப்ராமும் பயிற்சிக்கூடங்களில் மட்டும் எஞ்சின. ஆனால் 2021-இன் தொடக்கத்தில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் வெளியிட்ட ஆர்பி2040 நுண்கட்டுப்படுத்தியைப் பார்த்தால், அதனுள் நிரலுக்கென ஃபிளாஷ் நினைவகம் இல்லை! 264 கிலோபைட்டு தரவு நினைவகம் உள்ளே. நிரல் வெளியே, தனிச் சில்லில். அதை இணைப்பது மோட்டரோலா 1980-களில் வகுத்த எஸ்பிஐ வரிசைப் பாட்டையின் வழிவந்த ஆறு கம்பி இணைப்பு. 16 மெகாபைட்டு வரை ஏற்கும். அண்மையில் படித்தவற்றை உள்ளே ஒரு சிறு இடைச்சேமிப்பில் வைத்துக்கொள்வதால், வெளியே போய்வரும் தாமதம் பெரும்பாலும் தெரிவதில்லை. நாற்பது ஆண்டு கழித்து 8031-இன் கொள்கை திரும்பி வந்திருக்கிறது. கால்களின் இழப்பு மட்டும் 18-இலிருந்து ஆறாகக் குறைந்துவிட்டது.

பிக்கோ என்னும் பெயரில் விற்கப்படும் அதன் பலகையில் 2 மெகாபைட்டு வெளி நினைவகம் இருக்கிறது. 16-க்கு 16 புள்ளி வடிவங்கள் 65,536-ஐ அதில் வைக்கலாம். நம் 124 எழுத்துகள் அதில் 512-இல் ஒரு பங்கைக்கூட நிரப்பவில்லை. கடந்த ஆண்டு அத்தகைய பலகையொன்றில் ஒரு வரைவுத் திரையை இணைத்து, பேரப்பிள்ளையின் உதவியோடு ணகரத்தின் சுழிகளை ஒவ்வொரு புள்ளியாக வரைந்தோம். முதல் முயற்சியில் அது னகரமாகவே தெரிந்தது. அகலத்தை 20 புள்ளியாக்கியபின் சரியாயிற்று. நாம் முன்பு போட்ட கணக்கில் 16 என்று கொண்டது சற்றுக் கஞ்சத்தனம் போலும்.